அது யார் வீட்டுக் கொசு?

கேள்வி:

"வணக்கம் ஐயா. சென்னையின் தெற்குப் புறநகரில் 24 வீடுகள் உள்ள அடுக்ககம் எங்களுடையது. இந்த ஆண்டு நான்தான் சங்கச் செயலாளர். மழை தொடங்கியதிலிருந்து பத்து நாளில் மூன்று வீட்டில் காய்ச்சல். இரண்டாம் மாடியில் ஒன்பது வயதுப் பையனுக்கு டெங்கு என்று உறுதியாகிவிட்டது. பிளேட்லெட் 92,000 என்று அவன் அப்பா வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். அதிலிருந்து குழுவில் ஒரே சண்டை. தரைத்தளத்து அம்மாவின் செடித் தொட்டிகள்தான் காரணம் என்கிறார்கள் பாதிப் பேர். பக்கத்துக் காலி மனையில் தேங்கிய தண்ணீர்தான் என்கிறார் அவர். மூன்றாம் மாடியில் ஒரு வீடு பூட்டியே கிடக்கிறது, உரிமையாளர் துபாயில். மாநகராட்சியிலிருந்து கொசு பார்க்க வருகிறவர்களுக்குச் சிலர் கதவையே திறப்பதில்லை. பையன் வீட்டில் வேலை செய்யும் அக்காவை மற்ற வீட்டுக்காரர்கள் 'கொஞ்ச நாள் வராதே' என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளை அவன் வீட்டுப் பக்கமே விடுவதில்லை. எல்லாரும் என்னிடம் கேட்பது, புகை மருந்து அடிக்க ஏற்பாடு செய்யுங்கள் என்பதுதான். அது போதுமா? நிலவேம்புக் கஷாயம் கொடுக்கலாமா? யார் சொல்வதைக் கேட்பது?"

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பதில் எழுத உட்காரவில்லை. அதிலிருந்த எண்ணுக்கு முதலில் போன் செய்தேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கடிதத்தில் செடித் தொட்டி இருந்தது, காலி மனை இருந்தது, துபாய்க்காரர் வீடு இருந்தது, பையனின் பிளேட்லெட் எண்ணிக்கைகூட இருந்தது. காய்ச்சல் தொடங்கி எத்தனை நாள் ஆயிற்று என்பது மட்டும் இல்லை.

நீங்கள் மாடி ஏறிப்போய்க் கேட்டு வந்து சொன்னீர்கள். அன்று ஐந்தாவது நாள். காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது, அதனால் அவன் அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. பையன் வயிறு வலிக்கிறது என்றானாம். இரண்டு முறை வாந்தி. விடிந்ததிலிருந்து சிறுநீர் போகவில்லை. "அசதியாத் தூங்குறான் ஐயா, எழுப்ப வேண்டாம்னு விட்டுட்டோம்" என்றீர்கள். எழுப்பி உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றி, இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான், இட்லி கேட்கிறான் என்று நேற்று அவன் அம்மா என்னிடம் பேசினார். இதை எழுதுவது அவர் சம்மதத்தோடுதான்.

நான் மருத்துவர் அல்ல. பொதுச் சுகாதாரத் துறையில் பூச்சியியல் பிரிவில் 31 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் காய்ச்சல் வந்த வீடுகளுக்குள் ஏறி இறங்கியே பணிக்காலம் போனதால் இந்த ஒரு விஷயம் மனதில் ஆழப் பதிந்துவிட்டது. டெங்குவில் பயப்பட வேண்டிய நேரம் காய்ச்சல் கொதிக்கிற நேரம் அல்ல, அது விடுகிற நேரம். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும். அதையொட்டி ஒன்றிரண்டு நாள் சிலருக்கு ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும். ரத்தத்தில் இருக்க வேண்டிய நீர் வெளியேறி வயிற்றிலும் நெஞ்சிலும் தேங்கும். ரத்தம் கெட்டியாகும், ரத்த அழுத்தம் இறங்கும். வெளியே பார்த்தால் உடம்பு ஜில்லென்று இருக்கும், "காய்ச்சல் விட்டுடுச்சு" என்று வீடே மூச்சு விடும். நான் பார்த்த இழப்புகளில் பல, இந்த நிம்மதிக்குப் பிறகு நடந்தவை.

விடாத வயிற்று வலி, தொடர்ந்து வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மலம் கறுத்துப் போவது, கை கால் சில்லிடுவது, மூச்சு வாங்குவது, எழுப்பினால் சரியாக விழிக்காத மயக்கம் அல்லது காரணமில்லாத சிடுசிடுப்பு, ஐந்தாறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை. இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உங்கள் குழுவில் ஒட்டி வைக்க வேண்டிய செய்தி இதுதான். காய்ச்சல் வந்த மற்ற இரண்டு வீட்டிலும் இன்று எத்தனையாவது நாள் என்று தினமும் காலையில் ஒருவர் கேட்டு எழுதி வையுங்கள்.

பிளேட்லெட் எண்ணைக் கிரிக்கெட் ஸ்கோர் போலக் குழுவில் போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். டெங்குவில் அது குறையத்தான் செய்யும், பிறகு தானாக ஏறும். ரத்தப்போக்கு இல்லாதவரை, 10,000-க்குக் கீழே இறங்காதவரை, பிளேட்லெட் ஏற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் வருவதில்லை. 92,000 என்பதைப் பார்த்து பயந்து நாலு பேர் நாலு ஆஸ்பத்திரி பெயர் சொல்லி அந்தத் தகப்பனைக் குழப்பினீர்களே, அன்று அவர் கவனிக்க வேண்டியிருந்தது பையனின் வயிற்று வலியை. மருத்துவர்கள் பிளேட்லெட்டோடு சேர்த்து பிசிவி என்ற அளவையும் பார்ப்பார்கள். ரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது என்பதைச் சொல்வது அதுதான். வீட்டில் செய்ய வேண்டியது இளநீர், கஞ்சி, மோர், ஓஆர்எஸ் என்று கொஞ்சம் கொஞ்சமாக விடாமல் கொடுப்பது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் சொன்ன அளவுக்கு மேல் வேண்டாம். உடம்பு வலிக்கு என்று மருந்துக் கடையில் தருகிற புரூஃபன் வகை மாத்திரைகளும் ஆஸ்பிரினும் ரத்தக் கசிவைக் கூட்டும், வேண்டவே வேண்டாம்.

சரி, இப்போது அந்தப் பையனையும் வேலைக்கு வரும் அக்காவையும் பற்றி. என் மனதை அதிகம் வருத்தியது உங்கள் கடிதத்தின் அந்த இரண்டு வரிதான்.

டெங்கு தொட்டால் ஒட்டாது. இருமினால், பக்கத்தில் உட்கார்ந்தால், ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. 2020-இல் கொரோனா காலத்தில் வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கியதைப் பார்த்த பயம் நமக்குள் இன்னும் இருக்கிறது, காய்ச்சல் என்ற சொல்லைக் கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்கிறோம். அந்த பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இது வேறு கிருமி, வேறு வழி. நடுவில் ஒரு கொசு இல்லாமல் இது சாதாரணமாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகாது.

அந்தக் கொசு எப்படிக் கொண்டு போகிறது என்று பார்த்தால் உங்கள் குழுச் சண்டையில் பாதி அடங்கிவிடும். காய்ச்சல் வருவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து, வந்த பிறகு ஏறக்குறைய ஐந்து நாள் வரை, நோயாளியின் ரத்தத்தில் கிருமி நிறைய இருக்கும். அப்போது கடிக்கிற கொசு அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் உடனே அடுத்தவருக்குக் கொடுத்துவிட முடியாது. கிருமி அதன் வயிற்றில் பெருகி உமிழ்நீருக்கு வந்து சேர 8 முதல் 12 நாள் ஆகும். பிறகு அது யாரையாவது கடித்தால், அவருக்குக் காய்ச்சல் தெரிய இன்னும் 4 முதல் 10 நாள். கூட்டிப் பாருங்கள், ஒரு சுற்று முடியச் சாதாரணமாக இரண்டு வாரத்துக்கு மேலே. உங்கள் கட்டடத்தில் மூன்று பேரும் பத்து நாளுக்குள் படுத்திருக்கிறார்கள். ஆக ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வந்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஏற்கெனவே கிருமியைச் சுமந்த ஒரு கொசுவே மூன்று பேரையும் கடித்திருக்கலாம். இந்தக் கொசு ஒரே ஆளிடம் அமர்ந்து வயிறு முட்டக் குடிப்பது குறைவு. கை அசைந்தால் பறந்து பக்கத்தில் இருப்பவரைக் கடிக்கும், அங்கிருந்து அடுத்தவரிடம் போகும். ஒரு வீட்டில் இரண்டு மூன்று பேர் சேர்ந்தாற்போலப் படுப்பது இதனால்தான். பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் கடித்திருக்கவும் இடமுண்டு.

அந்த அக்காவின் நிலையை யோசித்துப் பாருங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ், பகலில் கடிக்கிற கொசு. காலையில் வெயில் ஏறும் நேரமும் மாலை இருட்டுவதற்கு முந்தைய நேரமும் அதற்குத் தோது. நீங்கள் அலுவலகத்திலும் பிள்ளைகள் பள்ளியிலும் இருக்கும்போது உங்கள் சமையலறையிலும் குளியலறையிலும் குனிந்து வேலை செய்கிறவர் அவர். உங்கள் கட்டடத்துக் கொசுவால் அவருக்குத்தான் ஆபத்து, அவரால் உங்களுக்கு இல்லை. நாளைக்கே திரும்ப வரச் சொல்லுங்கள். நிறுத்தி வைத்த நாட்களுக்கான சம்பளத்தையும் பிடிக்காமல் கொடுத்துவிடச் சொல்லுங்கள். இது என் துறைக்குள் வருகிற ஆலோசனை இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இனி காய்ச்சல் வருகிறவர்கள் செய்ய வேண்டியது, முதல் ஐந்தாறு நாள் பகலிலும் கொசுவலைக்குள் படுப்பது. அவர்களைக் காப்பாற்ற மட்டுமில்லை, புதிதாகப் பிறந்த கொசு அவர்களைக் கடித்துக் கிருமி ஏற்றிக்கொள்ளாமல் இருக்கவும்தான். வலை இல்லாத வீட்டுக்கு இருக்கிற வீட்டிலிருந்து ஒன்று போகட்டும். பையனைக் கடித்த கொசுக்கள் இருந்தால், அடுத்த காய்ச்சல்கள் தெரிய இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகும். உங்களுக்கு இருக்கிற கால அவகாசம் அவ்வளவுதான். ஒரு முறை வந்தவருக்கு இனி வராது என்ற பேச்சும் குழுவில் ஓடுவதாகச் சொன்னீர்கள். டெங்குவில் நான்கு வகைக் கிருமிகள் உண்டு. வந்த வகை மறுபடி வராது, மற்ற மூன்றும் வரலாம். இரண்டாம் முறை வேறு வகை வந்தால் முதல் முறையைவிடத் தீவிரமாகப் போகும் வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே வந்தவர்கள்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

அடுத்து, அது யார் வீட்டுக் கொசு?

ஏடிஸ் அதிக தூரம் பறக்காது. பிறந்த இடத்திலிருந்து நூறு இருநூறு மீட்டருக்குள் அதன் வாழ்க்கை முடிந்துவிடும். தண்ணீரும் ரத்தமும் பக்கத்திலேயே கிடைத்தால் அவ்வளவு தூரம்கூடப் போகாது. உங்கள் கட்டடத்தில் கடிக்கிற ஏடிஸ் பெரும்பாலும் உங்கள் கட்டடத்தில் பிறந்தது, இல்லையென்றால் அடுத்த கட்டடத்தில். காலி மனையில் பச்சை பூத்து நாறுகிற குட்டையைக் காட்டி எல்லாரும் கோபப்படுகிறார்கள். அதில் பிறப்பது பெரும்பாலும் ராத்திரியில் காதருகே ரீங்காரமிடுகிற கியூலெக்ஸ். தொல்லைதான், ஆனால் டெங்கு கொடுப்பது அதில்லை. ஏடிஸுக்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும், பெரும்பாலும் சின்னப் பாத்திரத்தில், நிழலில். காலி மனையில் நீங்கள் தேட வேண்டியது கொட்டாங்குச்சி, தயிர்க் கப், பழைய டயர், உடைந்த பக்கெட், தெர்மாகோல் பெட்டி. அவை அங்கே எப்படி வந்தன என்று மேலே அண்ணாந்து பார்த்தால் உங்கள் பால்கனிகள் தெரியும்.

தரைத்தளத்து அம்மாவின் செடிகளுக்கு வருகிறேன். மண் தொட்டியில் கொசு வளராது, மண் தண்ணீரை உறிஞ்சிவிடும். தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டில் வளரும். பாட்டிலில் வைத்த மணி பிளாண்டில் வளரும், அல்லி வைத்த தொட்டியில் மீன் இல்லையென்றால் வளரும். தட்டுகளை எடுத்துவிட்டு, மணி பிளாண்டை மண்ணுக்கு மாற்றினால் அவர் பங்கு முடிந்தது. இருபது நிமிட வேலை. அதற்காக ஒரு வயதான பெண்மணியைப் இத்தனை நாளாகக் குழுவில் வைத்துப் பேசியிருக்கிறீர்கள்.

பணியில் இருந்தபோது இதே மாதிரி ஓர் அடுக்ககத்துக்குப் போனேன். அங்கேயும் குற்றவாளி யார் என்பதை முடிவு செய்து வைத்திருந்தார்கள், கீழே டயர் அடுக்கி வைத்திருந்த ஒரு வீட்டுக்காரர். டயர்களைப் பார்த்தோம், எல்லாம் காய்ந்து கிடந்தன. இரண்டு மணி நேரம் தேடிய பிறகு லிஃப்ட்டுக்கு அடியில் உள்ள குழியை மெக்கானிக்கை வரவழைத்துத் திறந்தோம். முழங்கால் அளவு தெளிந்த தண்ணீர், டார்ச் அடித்ததும் ஆயிரக்கணக்கில் கொசுப்புழு நெளிந்து இறங்கியது. அது யார் வீட்டுக் கொசு என்று அங்கே யாரும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. உங்கள் லிஃப்ட் குழியையும் திறந்து பாருங்கள்.

மொட்டைமாடியில் மூடி உடைந்த சின்டெக்ஸ் டேங்க், சம்ப் மூடியின் விளிம்பில் விரலளவு இடைவெளி, சன்ஷேடில் தேங்கிய மழை நீர், ஏசி தண்ணீர் சொட்டும் பக்கெட், சருகு அடைத்த மழைநீர்க் குழாய். வீட்டுக்குள் ஃப்ரிட்ஜின் பின்புறத் தட்டை இழுத்துப் பாருங்கள், வாங்கியதிலிருந்து பலர் அதைப் பார்த்ததே இல்லை. விருந்தினர் வந்தால் மட்டும் திறக்கிற குளியலறையின் கழிப்பறைக் கோப்பை. பூஜை அறைச் செம்பு. பால்கனி மூலையில் மழை நனைக்கிற ஆட்டுக்கல். அப்புறம், உங்கள் ஊரின் தனி விஷயம் ஒன்று: ஆர்ஓ இயந்திரத்திலிருந்து வழிகிற தண்ணீரைப் பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் பக்கெட்டில் பிடித்து வைப்பது.

தண்ணீர் பிடித்து வைப்பதைக் குற்றம் போலப் பேசாதீர்கள் என்று இங்கே கேட்டுக்கொள்கிறேன். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்கு இரவில் விழித்திருந்தவர்கள் நீங்கள். 2012-இல் கடையநல்லூரில் டெங்கு பரவியபோது அந்தப் பகுதிக்கு வேலைக்குப் போயிருந்தேன். வீட்டுக்கு வீடு தொட்டியும் டிரம்மும் நிறையத் தண்ணீர். கொட்டிவிடுங்கள் என்று நான் சொன்னதும் ஒரு பாட்டி, "தண்ணியக் கொட்டச் சொல்லுதீய, நாளைக்கு நீங்களா கொண்டாந்து ஊத்துவீய?" என்று கேட்டார். அவர் கேட்டது சரி. அன்றிலிருந்து கொட்டச் சொல்வதைவிட மூடச் சொல்வதையே முதலில் வைத்தேன். பழைய வேட்டியை இரண்டாக மடித்து டிரம் வாயில் இறுக்கிக் கட்டினால் கொசு நுழையாது. மூடி இருந்தும் சரியாக உட்காராவிட்டால் மூடியே இல்லாத மாதிரிதான்.

முட்டையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. ஏடிஸ் முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் ஈரமான சுவரில் ஒட்டி வைக்கும், கரிப்பொடி ஒட்டினாற்போல இருக்கும். தண்ணீரைக் கொட்டிக் காய வைத்தாலும் அது சாகாது. மாதக்கணக்கில் அப்படியே கிடந்து அடுத்த மழையில் நனைந்ததும் பொரியும். அதனால் கொட்டினால் போதாது, தேங்காய் நாரோ பிரஷ்ஷோ போட்டு உட்புறச் சுவரைத் தேய்க்க வேண்டும். ப்ளீச்சிங் பவுடர் தொட்டுக்கொண்டால் நல்லது. கொட்டுகிற தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் வெயில் படும் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள், புழு அங்கேயே செத்துவிடும். முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள். அதனால்தான் வாரம் ஒரு நாள் என்கிறோம். ஏழாம் நாளுக்குள் திரும்பத் தேய்த்துவிட்டால் எந்தப் புழுவும் சிறகு முளைக்கிற வரை போகாது.

புகை மருந்துக்கு வருவோம். வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உறுதியான நோயாளி இருக்கிற இடத்தில், கிருமி சுமக்கிற கொசுக்கள் பறந்துகொண்டிருக்கிற இந்த வாரத்தில், ஒரு தடவை அடிப்பதற்கு அர்த்தம் உண்டு. ஆனால் புகை பறக்கிற கொசுவை மட்டும்தான் கொல்லும். தண்ணீருக்குள் இருக்கிற புழுவையும் கூட்டுப்புழுவையும் முட்டையையும் அது தொடாது. அடுத்த நாளே புதிய கொசு வெளியே வரும். அதைவிட ஒரு விஷயம்: தெருவில் புகை வண்டிச் சத்தம் கேட்டதும் நாம் என்ன செய்கிறோம்? ஓடிப்போய்க் கதவையும் ஜன்னலையும் சாத்துகிறோம். ஏடிஸ் இருப்பது உள்ளே. கட்டிலுக்கு அடியில், திரைச்சீலைக்குப் பின்னால், கொடியில் தொங்கும் சட்டைகளுக்குள் அது பத்திரமாக இருக்கிறது. அடிப்பதாக இருந்தால் பணியாளர்கள் சொல்கிறபடி உணவையும் தண்ணீரையும் மூடி, குழந்தைகளையும் இளைப்பு உள்ளவர்களையும் வெளியே அனுப்பி, வீட்டைத் திறந்து கொடுத்து, அரை மணி கழித்து உள்ளே வாருங்கள். புகை அடித்தாயிற்று என்று அன்றைக்கே தொட்டி தேய்ப்பதை நிறுத்தினால் அடிக்காமல் இருந்ததே மேல்.

கதவு திறக்காத வீடுகள். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. வாசலில் நிற்கிறவர் யார்? பெரும்பாலும் தினக்கூலியில் வேலை பார்க்கிற, ஒரு நாளில் ஐம்பதுக்கும் மேலே வீடுகள் ஏறி இறங்குகிற பெண். கையில் டார்ச், ஒரு நோட்டு, கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்துப் புட்டி. "போன வாரம்தானே வந்தீங்க" என்று கதவிடுக்கிலிருந்து கேட்கிறோம். போன வாரம் வந்ததால்தான் இந்த வாரமும் வருகிறார். கணக்கைத்தான் மேலே பார்த்தீர்களே. மருந்து ஊற்றினால் தண்ணீர் நாறுகிறது, குடித்தால் ஏதாவது ஆகுமோ என்பது பலரின் முணுமுணுப்பு. சொன்ன அளவில் ஊற்றினால் குடிதண்ணீரிலும் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட மருந்து அது. வாடை பிடிக்காவிட்டால் குடிக்கிற தண்ணீரை மூடிப் புழுவில்லாமல் காட்டுங்கள், அவர் ஊற்ற மாட்டார். முன்பின் தெரியாதவரை வீட்டுக்குள் விடப் பயமாக இருக்கிறது என்றால் அதுவும் நியாயமான பயம். அடையாள அட்டையைக் கேளுங்கள், சங்கத்திலிருந்து ஒருவர் கூடவே போங்கள். போகும்போது குடிக்க ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள்.

பூட்டிய வீட்டுக்கு உரிமையாளரிடம் போனில் பேசி, அவர் சொல்கிற உறவினரையோ சாவி வைத்திருப்பவரையோ வரவழைத்து, வீடியோ காலில் அவர் பார்த்துக்கொண்டிருக்க உள்ளே போங்கள். கழிப்பறைக் கோப்பையை மூடி மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி, ஃப்ளஷ் தொட்டியைக் காலி செய்து, தரை வடிகாலில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றிவிட்டு வந்தால் மாதக்கணக்கில் கவலை இல்லை. அவர் மறுத்தால் மாநகராட்சிச் சுகாதார ஆய்வாளரிடம் எழுதிக் கொடுங்கள். கொசு வளர விடுபவர்மீது நடவடிக்கை எடுக்க 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அந்தக் கட்டம் வரை போக வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன், துபாயில் இருப்பவருக்கும் தன் வீட்டைப் பற்றி அக்கறை இருக்கும்.

நிலவேம்புக் குடிநீர் பெரியவர்கள் குடிப்பதாக இருந்தால் குடிக்கட்டும், அரசு சித்த மருத்துவமனையில் கேட்டு அளவோடு. கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். அது குடித்தோம் என்பதற்காக ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடக் கூடாது. வாந்தி எடுக்கிற பிள்ளையின் வாயில் பப்பாளி இலைச் சாற்றைப் புகட்டி, உள்ளே இருக்கிற கொஞ்ச நீரையும் வெளியேற்றிவிடாதீர்கள்.

யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருந்தீர்கள். 2012-லும் 2017-லும் அரசுக் கணக்குப்படியே தமிழ்நாட்டில் ஒவ்வோர் ஆண்டிலும் 60-க்கும் மேற்பட்டவர்களை டெங்கு கொண்டுபோனது. அந்த இரண்டு ஆண்டும் நான் போன தெருக்களில் எல்லாரும் எல்லாரையும் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிடுமோ என்ற பயம் கோபமாக வெளியே வருகிறது, கோபத்துக்கு ஒரு முகவரி தேவைப்படுகிறது, தரைத்தளம்தான் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை அம்மா. அந்தப் பயத்துக்குக் கையில் ஒரு வேலை கொடுத்தால் போதும்.

இந்த ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தொடங்குங்கள், ஒரு மணி நேரம். 24 வீடுகளையும் இரண்டிரண்டாகச் சேர்த்துவிடுங்கள். ஒரு வீட்டை அடுத்த வீட்டுக்காரர் டார்ச்சோடு வந்து பார்க்கட்டும், பிறகு அவர் வீட்டை இவர் பார்க்கட்டும். நம் வீட்டு ஃப்ரிட்ஜ் தட்டு நம் கண்ணுக்குத் தெரியாது, அடுத்தவர் கண்ணுக்குத் தெரியும். முதலில் எல்லார் முன்னிலையிலும் செயலாளர் வீட்டைத் திறந்து காட்டுங்கள். புழு கிடைத்தால் குழுவில் வீட்டு எண்ணைப் போடாதீர்கள், "இன்று நான்கு இடத்தில் கண்டு அழித்தோம்" என்று மட்டும் எழுதுங்கள். மொட்டைமாடி, சம்ப், லிஃப்ட் குழி மூன்றும் சங்கத்தின் பொறுப்பு. காலி மனைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாமல் பெரியவர்கள் நான்கு பேர் ஒரு சாக்குப் பையோடு போய் வாருங்கள்.

தரைத்தளத்து அம்மாவை மொட்டைமாடிக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். தினமும் செடிக்குத் தண்ணீர் விடுகிறவருக்கு எங்கே ஈரம் தங்கும் என்பது மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். மாடி ஏற முழங்கால் இடம் கொடுக்கிறதா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை இருக்கிறது. மழை நிற்கிற வரை ஒரு ஞாயிறும் விடாதீர்கள். நான்காவது ஞாயிறு முடிந்ததும் எனக்கு இரண்டு எண்கள் மட்டும் எழுதுங்கள்: அன்று எத்தனை இடத்தில் புழு கிடைத்தது, புதிதாக எத்தனை பேருக்குக் காய்ச்சல்.